பின்னறைக்கு இருபத்திரண்டு மீட்டர்

"லேடீஸ் மட்டும்தான யூஸ் பண்ணப் போறாங்க, சின்னதே போதும்" என்று கடைக்காரர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அது செண்பகவல்லியைப் பார்த்துச் சொன்னதல்ல. படியேறி உள்ளே கால் வைத்த நேரத்தில் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பேசுவது யார், எந்த ஊர், என்ன சாமான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிரின்டராக இருக்கலாம், இன்வெர்ட்டராக இருக்கலாம். இருந்தும் அந்தப் பேச்சு காதுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சின்னதே போதும். யாருக்குப் போதும், யார் அளந்து பார்த்தது. கண்ணாடி மேஜைக்கு முன்னால் கிடந்த ஒரே நாற்காலியில் அண்ணன் இசக்கிராஜா உட்கார்ந்துவிட்டான். உட்காரும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வயர் சுருள்கள் தொங்கிய கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். கீழே மருந்துக் கடை, மேலே இந்தக் கம்ப்யூட்டர் கடை, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வெயில் முழுக்கத் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. புது அட்டைப்பெட்டிகளின் வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் கலந்து நெற்றிப்பொட்டில் குத்தின. கடைக்காரர் போனை வைத்துவிட்டு, வாங்க தம்பி, என்ன பாக்கணும் என்று அண்ணனிடம் கேட்டார். வீட்டில் பின்னறைக்கு வைஃபை எடுக்கவில்லை, அதற்கு ஏதாவது வேண்டும் என்றான் அண்ணன். பின்னறை என்றானே தவிர யாருடைய அறை என்று சொல்லவில்லை. பழைய சாமான் போட்டு வைக்கிற இடம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அந்த அறையில்தான் அவள் பதினான்கு மாதமாக வேலை பார்க்கிறாள். அந்த வேலையின் சம்பளத்தில்தான் இன்றைக்கு இது வாங்கப்படுகிறது. அவளுடைய கார்டு அவளுடைய பையில் இருக்கிறது. ஆனால் பேசுவதற்கு அண்ணன் வந்திருக்கிறான். நீ போய் என்னத்தத் தெரிஞ்சு வாங்குவ, நானும் வாரேன், என்றுதான் காலையில் சட்டையை மாட்டினான்.

என்னத்தத் தெரிஞ்சு. மூன்று வாரமாக அவள் இதைத்தான் படித்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஸ்சில், அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே. வீட்டில் அறை அறையாகப் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து, எங்கே எவ்வளவு சிக்னல் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறாள். கூடத்தில் நிறைய, அடுப்படி வாசலில் பாதி, அடுப்படி தாண்டி, அவள் லேப்டாப் வைக்கிற அறை வாசலில் ஒரு கோடு, அவள் கட்டிலுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அம்மாவின் தையல் டேப்பை வைத்துக் கூடத்திலிருந்து சுவரோரமாகவே அளந்திருக்கிறாள், இருபத்திரண்டு மீட்டர் கேபிள் வேண்டும். வாங்க வேண்டியது எது என்பதும் அவளுக்குத் தெரியும். ஏன் அது என்பதுதான் சிக்கல். அதை வாய்விட்டுச் சொல்லமுடியாது, அதுவும் இவன் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஏனென்றால் அது இவனால்தான். கடைக்காரர் அலமாரியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அண்ணன் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான், டக், டக், டக். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. போனை நீட்டிக்கொண்டு அவன் முன்னால் நிற்கும்போது, நாற்காலிக் கையில் இப்படித்தான் தட்டுவான். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். யாருக்கும் வாயால் சொல்லமாட்டான். போனை அவன் கையில் கொடுக்கவேண்டும், அவன் திரையை நெஞ்சுப் பக்கம் சாய்த்துவைத்துக்கொண்டு அடித்துத் திருப்பித் தருவான். அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஆயிரம் பேரை அதட்டி உட்கார வைத்தவர். அவரும் தன் போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய் மகனிடம் நீட்டுவார், பிரசாதத்துக்கு நிற்பதுபோல. கோபம் வந்தால் இசக்கிராஜா கத்தமாட்டான், கை நீட்டமாட்டான். நல்ல பையன் என்று தெருவில் பேர். கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே கட்டைவிரலால் பாஸ்வேர்டை மாற்றிவிடுவான். அவ்வளவுதான். வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். மீன் குழம்பில் புளி கூடிப்போன அன்று அம்மாவுக்காக மாற்றினான், அம்மா மும்பையில் இருக்கும் சித்தியோடு பேசமுடியாமல் இரண்டு நாள் உம்மென்று திரிந்தாள். மதினி பிறந்த வீட்டில் சொன்னதைவிட ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வந்தபோது மாற்றினான். மூன்று வாரத்துக்கு முன்னால், செண்பகவல்லி சிவகாசி மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன செவ்வாய்க்கிழமை மாற்றினான்.

செவ்வாய்க்கிழமை. நினைத்தாலே காதுமடல் சுடுகிறது. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை நல்லவனாகவே இருக்கட்டும். காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் அம்மாவைப் பார்த்து, வேலைய விட்டுருவாங்கல்ல என்று கேட்டான். அவளிடம் கேட்கவில்லை. அவள் அங்கேதான் இருந்தாள், தட்டோடு, ஒரு அடி தள்ளி. அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்து, எனக்கு வேண்டாம்மா என்று மெதுவாகத்தான் சொன்னாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு தவறு என்றது. போனை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு, ஆபீசரம்மாவுக்கு இன்னைக்கு லீவு என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் யாராலும் குற்றம் சொல்லமுடியாது, விளையாட்டுக்குச் சொன்னேன் என்பான், அம்மாவும் விளையாட்டுக்குத்தான சொல்லுதான் என்பாள். மூன்று நாள் விளையாடினான். அவள் போனில் உள்ள நெட் காலையிலேயே தீர்ந்துவிடும். மூன்று நாளும் அவள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் லேப்டாப்பை வைத்து, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வேலை பார்த்தாள். பக்கத்து வீட்டு மெர்சி டீச்சர் தன் வீட்டுப் பாஸ்வேர்டைக் காலண்டர் தாளில் எழுதிக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக நீட்டினாள். எதுக்குன்னு கேக்கல, எழுதிக்கோ, என்றாள். அந்தத் தாளை வாங்கும்போது நன்றி வரவில்லை, அழுகைகூட வரவில்லை, யாரையாவது கடிக்கவேண்டும்போல இருந்தது. மருத்துவமனைகளிலிருந்து வரும் நோயாளிகளின் அறிக்கைகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போட்டு அனுப்புவது அவள் வேலை. அந்த வெயிலில் யாரோ ஒருவருடைய உடைந்த இடுப்பெலும்புக்கு எண் தேடிக்கொண்டிருந்தாள். டீச்சர் வீட்டு சிக்னல் காற்றுக்குத் தகுந்தபடி வந்து வந்து போனது. பெங்களூர் ஆபீசில் அவளுக்கு மேலே இருக்கும் நந்தினி மேடம் மீட்டிங்கில் இரண்டு தடவை அவள் பேரைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் அவள் பாதியில் காணாமல் போனாள். வெள்ளிக்கிழமை நந்தினி மேடம் தனியாகப் போன் பண்ணி, கோபமில்லாமல், அதுதான் அதிகம் வலித்தது, இனி ஒரு தடவை லைன் போச்சுன்னா வீட்டிலிருந்து பார்க்க விடமுடியாது செண்பகா, ஆபீசுக்கு வந்துடணும் என்றார். பெங்களூருக்கு. பெங்களூர் என்றால் இந்த வீட்டில் என்ன பதில் என்று அவளுக்குத் தெரியும். போகமுடியாது, வேலை போகும், வேலை போனால் அடுத்த மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் மிஞ்சாது. ஆக, இந்தக் கண்ணாடி மேஜைக்கு மேல் வரப்போகிற டப்பா எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த எல்லாமும் அண்ணனுக்குத் தெரியாது. அல்லது தெரியுமோ. தெரிந்துதான் வந்தானோ. சட்டை மாட்டும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்த்தால் பட்டன் போடுகிற விரல்கள்தான் வருகின்றன.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு. இது ரிப்பீட்டர் தம்பி, நேரே பிளக்ல சொருகுனா போதும், ஒயர் வேண்டாம், துளை போட வேண்டாம், உங்க வீட்டு வைஃபையவே வாங்கி அடுத்த ரூமுக்குக் கொடுக்கும். மற்றது சாப்பாட்டுத் தட்டு போல வட்டமாக, வெள்ளையாக இருந்தது. இது ஆக்சஸ் பாயின்ட், மெயின் பாக்ஸ்ல இருந்து கேபிள் இழுத்து மாட்டணும், வேலை கூட, ஆனா ஸ்டெடியா நிக்கும். இதற்குள் அண்ணன் சின்னதைக் கையில் எடுத்துவிட்டான். இது போதும் அண்ணாச்சி, என்ன, ஒரு ஆளு. அந்த ஒரு ஆளு வயர் சுருள்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இது இல்லை, அது, என்று சொல்லவேண்டும். மூன்று வார்த்தை. ரிப்பீட்டர் என்பது கூடத்து வைஃபையின் வால், அங்கே பாஸ்வேர்டை மாற்றினால் இங்கேயும் போய்விடும், அவன் கட்டைவிரல் பின்னறை வரைக்கும் நீளும், அவ்வளவுதான் வித்தியாசம், அதற்குக் காசு வேறு கொடுக்கவேண்டும். கேபிளில் வருவது அப்படி இல்லை. அதற்குத் தனிப் பேர், தனிப் பாஸ்வேர்டு. கூடத்தில் அவன் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. வேண்டுமானால் கேபிளைப் பிடுங்கலாம். பிடுங்கட்டும். அதற்குக் கட்டிலைவிட்டு எழுந்து வரவேண்டும், குனியவேண்டும், எல்லோர் கண் முன்னாலும் கையால் பிடுங்கவேண்டும், அப்போது அதற்கு விளையாட்டு என்று பேர் சொல்லமுடியாது. இதையெல்லாம் எத்தனை இரவு மனசுக்குள் அழகாக, வரிசையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கல்லூரியில் விலங்கியல் வாய்மொழித் தேர்வில் இப்படித்தான். பாட்டிலுக்குள் மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது கடல் அட்டை, அதன் பேர், குடும்பம், அது பயந்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு ஓடும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். சொல்லவும் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியருக்குக் கேட்கவில்லை. தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா, நேரம் ஆகுது, என்று எழுதிக்கொண்டார். தெரியலை என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஏன் தலையாட்டினேன். ஏழு வருஷமாகக் குளிக்கும்போதெல்லாம் அந்தத் தலையாட்டல் ஞாபகம் வந்து தண்ணீர்க் கப்பை ஓங்கி வாளியில் போடுகிறாள். அவர்மேல் கோபம், அண்ணன்மேல் கோபம், காப்பி டம்ளர்க்காரன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் அடியில், வண்டல்போல, தன் தொண்டைமேல் உள்ள கோபம். எனக்கு வெட்கம் என்று ஊரே சொல்கிறது, அடக்கமான பிள்ளை என்கிறது, சம்பந்தம் பேசுகிறவர்கள் அதை ஒரு நகையைப்போலக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அது அடக்கமில்லை. உள்ளே ஒருத்தி ராத்திரி பகல் கத்திக்கொண்டிருக்கிறாள், அவள் சத்தம் வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சுவர் எல்லாம் செங்கல்தானே தம்பி, ஒண்ணோ ரெண்டோ இருக்கும், என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் கேட்டபடியே பில் புத்தகத்தை இழுத்தார். ஆமா, செங்கல்தான் என்றான் அண்ணன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பின்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருப்பது தாத்தா காலத்துக் கருங்கல் சுவர், ஒன்றரை முழக் கனம், அப்பா கூடத்தையும் முன்பக்கத்தையும் இடித்துக் கட்டியபோது இதை இடிக்கக் காசில்லாமல் அப்படியே விட்டார். அந்தச் சுவரில் ஆணி அடித்து ஆணி அடித்து மூன்று ஆணி வளைந்துபோனது அவளுக்குத் தெரியும். மார்கழியில் அதன் குளிர் முதுகில் ஏறுவது அவளுக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும், அவன் அந்த அறைக்குள் வந்து எத்தனை வருஷம். கடைக்காரரின் பேனா ரி என்று எழுத ஆரம்பித்தது.

"கருங்கல்லு" என்றாள் செண்பகவல்லி.

சத்தம் தேவைக்கு அதிகமாக வந்துவிட்டது. வயர்ச் சுருள் ஒன்று அவள் தோள் பட்டு ஆடியது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், அவள் கடைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார். என்ன தங்கச்சி என்றார். நடுச்சுவர் கருங்கல், ஒன்றரை முழம், அதில் ஒட்டி ஒரு இரும்பு பீரோவும் நிற்கிறது என்று சொன்னாள். சொல்லும்போது அண்ணனைப் பார்க்காமல் பில் புத்தகத்தையே பார்த்தாள். கடைக்காரர் பேனாவை மூடிவிட்டார். அதை அப்பமே சொல்லக்கூடாதா தம்பி, கருங்கல்லுக்கு இந்த ரிப்பீட்டர் தாங்காது, ரெண்டு நாள்ல நீங்களே கொண்டாந்து என் தலையில எறிவீங்க. அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். என்னட்டி, இஞ்சினியர் ஆயிட்டியா, என்று சிரித்தான். அதே நுரைச் சிரிப்பு. கேபிள் எவ்வளவு வேண்டியிருக்கும் என்றார் கடைக்காரர். இருபத்திரண்டு மீட்டர், வளைவுக்குச் சேர்த்து இருபத்தைந்து போடுங்கள் என்றாள். இரண்டாவது தடவை தொண்டை அவ்வளவு மல்லுக்கட்டவில்லை. கம்பியிலிருந்து கேபிளை இறக்கி, தன் நீட்டிய கைகளுக்கிடையில் மீட்டர் மீட்டராக அளந்தபடியே அவர் பேசிக்கொண்டு போனார், நல்ல மனுஷர்தான், பேச்சு நிற்காத மனுஷர். இதுதாம்மா சரி, வேகமும் குறையாது, இதுல இன்னொரு சௌகரியம் என்னன்னா தம்பி, இது தனி, உங்க மெயின் பாக்ஸ்ல பாஸ்வேர்டு மாத்துனாலும் இது பாட்டுக்கு ஓடும்.

ஓடும். சொல்லிவிட்டார். மூன்று வாரமாக அவள் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கேபிளோடு சேர்த்து அளந்து மேஜையில் போட்டுவிட்டார். அண்ணன் விரலின் தட்டல் நின்றது. கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவள் தன் செருப்பு நுனியைப் பார்த்தாள். இப்போது எழுந்து, வேண்டாம் அண்ணாச்சி, பிறகு பாத்துக்கிடலாம் என்பான். வண்டியில் வீடு போய்ச் சேரும் வரை ஒன்றும் பேசமாட்டான். நாளைக்குக் காலை பத்து மணிக்கு நந்தினி மேடம் அவள் பேரைக் கூப்பிடும்போது அவள் திரும்பவும் காணாமல் போயிருப்பாள். எல்லாம் வரிசையாகத் தெரிந்தது, வாளி, குடை, மெர்சி டீச்சரின் கைப்பிடிச் சுவர். ஆனால் அண்ணன் எழவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, நல்லதுதான், என்று இழுத்தான். தனின்னா அதுக்கும் ஒரு பாஸ்வேர்டு போடணும்ல. போடணும் தம்பி, இங்கேயே செட் பண்ணித் தந்துருதேன், வீட்ல போய் மாட்ட வேண்டியதுதான், என்றார் கடைக்காரர். அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அப்ப அதையும் நானே போட்டுக்கிடுதேன்" என்றான்.

ஆக, அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் தெரிந்துதான் செய்திருக்கிறான். விளையாட்டு, கோபத்தில் செய்தது, சின்னப் பிள்ளைத்தனம் என்று அம்மா போர்த்திய போர்வையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கழன்று விழுந்தது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றும் ஆச்சரியமாக இருந்தது. ஆறு வயதில் அவள் சிலேட்டில் அவன் பேரை எழுதி வைத்துக்கொண்டு, இது யார் சிலேட்டு படி என்பான். அப்போது எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் கழித்து வாயில் கசந்தது. கடைக்காரர் வெள்ளைத் தட்டுக்கு ஒரு வயரைச் சொருகி, தன் பழைய லேப்டாப்பில் எதையோ அடித்தார். தட்டின் விளிம்பில் ஒரு பச்சைப் புள்ளி சிமிட்டியது, நின்றது, திரும்பச் சிமிட்டியது. பேர் என்ன போட என்று கேட்டார். வீட்டுப் பேரே போடுங்க, பின்னால ரெண்டுன்னு சேத்துருங்க என்றான் அண்ணன். அவர் அடித்தார். திரையில் இரண்டு காலிக் கட்டங்கள் வந்தன, மேலே ஒன்று, அதையே திரும்ப அடிக்கச் சொல்லிக் கீழே ஒன்று. கடைக்காரர் லேப்டாப்பை மேஜைமேல் அரைவட்டமாகச் சுழற்றி அண்ணன் பக்கம் வைத்துவிட்டு, நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேபிளின் நுனியை நறுக்கப் போனார். அண்ணன் இரண்டு கையையும் பிசைந்துகொண்டான். அவனுக்கு எதிலும் அவசரம் கிடையாது. முதல் எழுத்துக்காக யோசிப்பவன்போலக் கூரையைப் பார்த்தான். பில் அவள் கார்டில். அறை அவளுடையது. சுவர் அவள் முதுகு. நாளைக்குக் கூப்பிடப்போகிற பேர் அவள் பேர். அவன் ஆள்காட்டி விரல் கூரையிலிருந்து இறங்கி எழுத்துகளுக்கு மேல் வந்தது.

செண்பகவல்லி நாற்காலிக்குப் பக்கமாக வந்து, அண்ணன் விரலுக்கு அடியிலிருந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஏட்டி, என்றான் அவன். இடது உள்ளங்கையை எழுத்துகளுக்கு மேல் கூரையாகக் கவிழ்த்துக்கொண்டு, வலது கையால் மேல் கட்டத்தில் பதினாறு எழுத்து அடித்தாள். கீழ்க் கட்டத்துக்குப் போய் அதையே இன்னொரு முறை அடித்தாள். சேமி என்று இருந்த பொத்தானை அழுத்தினாள்.